எட்டு மஞ்சள் மீட்டரும் எங்கள் ஃபோர்மேன் ஐயாவும்

நீரேற்று நிலையத்தின் மின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முறை தவறாது பணியாற்றி, இன்று மாலை ஐந்து மணியோடு ஓய்வு பெற்றுவிட்ட ஃபோர்மேன் ஐயா அவர்களுக்கு, அவரிடம் ஏச்சு வாங்கியே ஏற்றம் கண்ட எட்டுப் பேர் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

மோட்டாரின் முனகலைக் கேட்டே அதன் மனக்குறை சொல்லும் மேலவரே! பேனல் கதவைத் திறக்குமுன் பின்னால் நிற்பவனின் காலணியைப் பார்க்கும் பெரியவரே! கண்ணாடி அணியாமல் வந்தவனைக் கண்ணாலேயே காய்ச்சி எடுக்கும் கண்டிப்பின் கொழுந்தே! கோபம் வந்தால் கொதிநீர், கோபம் தணிந்தால் குடிநீர், எந்நேரமும் ஏதோ ஒரு நீராக எங்களோடு ஓடிக்கொண்டே இருந்தவரே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

நேரம் தவறாதவர் நீங்கள். நேரம் தவறி வந்தவரை நெருங்கி வந்து நலம் விசாரித்தே நாண வைத்தவர் நீங்கள். மூன்றாம் பம்ப் மூச்சுத் திணறிய அந்தக் கோடையில், முழங்கால் நீரில் மூன்று நாள் நின்று, நகரத்தின் ஒரு குழாய்கூட வறளாமல் காத்தவர் நீங்கள். கடன் வாங்கிய ஸ்பேனரைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்த ஒரே ஃபோர்மேன் நீங்கள். எங்கள் பிழையைப் பலர் முன்னிலையில் உரக்கச் சொல்வீர்கள், எங்கள் திறமையைத் தனியே அழைத்துக் காதோடு சொல்வீர்கள். இதை மாற்றிச் செய்யும்படி எத்தனை முறை கெஞ்சியிருப்போம்! கடைசி வரை காது கொடுக்கவில்லையே!

பண்புகளின் பட்டியல் இன்னும் நீளம். அதை ஓரமாக வைக்கிறோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு நம் ஸ்டோர்க்காரம்மாவிடம் வந்தது. பொருள் வழங்கும் சீட்டில்கூட மோனை பார்ப்பவர் அவர். வாசிப்பவரும் அவரே. தன்னைப் பற்றி வரும் இடங்களில் யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்று அனுமதி கேட்டார். கொடுத்தோம்.

பதினோரு ஆண்டுகளாக அவர் ஒன்றைச் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார், ஐயா. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நீங்கள் அன்றே உத்தரவு போட்டீர்கள். “நான் சர்வீஸ்ல இருக்கற வரைக்கும்” என்பது உங்கள் வாயிலிருந்து வந்த சொல். மணி இப்போது ஐந்து இருபது. நீங்கள் சர்வீஸில் இல்லை. ஆகவே தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள். மாலையைக் கழற்றிவிட்டு மேடையைவிட்டு இறங்கப் பார்க்காதீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் மனைவிக்கு இது தெரிந்தாக வேண்டும். தெரிந்தபின் அவர் ஸ்டோர்க்காரம்மாவின் முகத்தில் விழிப்பாரா என்பது எங்களுக்குத் தெரியாது, ஸ்டோர்க்காரம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தாளையும் பிடித்திருக்கிறார்.

கதை மல்டிமீட்டரில் தொடங்குகிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் பிரிவில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் நீங்கள் சொந்தமாக வாங்கியது. செங்கல் கனம், தடித்த ரப்பர் உறை, ஏணியிலிருந்து இரண்டு தரம் விழுந்தும் எண் பிசகாத எமகாதகன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பெரியவர்’. காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால், “பெரியவர் எங்க இருக்காரு?” “நாலாம் பம்புல இருக்காரு.” “எப்ப வருவாரு?” என்பதே பிரிவின் பேச்சு. முடிவெட்டும் கடையில் காத்திருப்பதுபோல் ஏழு டெக்னீஷியன்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். ஒரு பேட்டரி செத்ததா பிழைத்ததா என்று பார்க்க அரை நாள் ஆகும்.

ஸ்டோரின் கம்பி ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஸ்டோர்க்காரம்மா. சும்மா இருப்பவரா அவர்? பெரியவரைப் போல் ஒன்று வாங்கும் விலைக்கு எட்டு மஞ்சள் மீட்டர்கள் வருமென்று கண்டுபிடித்தார். ஆளுக்கொன்று, உபரியாக ஒன்று. பெட்டியைப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தபோது அவை கோழிக்குஞ்சுகளைப் போலவே இருந்தன. அன்றே அவற்றுக்கு ‘குஞ்சுகள்’ என்று பெயர் விழுந்தது.

நீங்கள் வந்தீர்கள். ஒன்றைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தீர்கள். “இது மீட்டரா, விளையாட்டுச் சாமானா?” என்றீர்கள். பொருள் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வேண்டும் என்று ஸ்டோர்க்காரம்மா தாளை நீட்டினார். கையெழுத்துக்கு மேலே நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள்: ‘இந்த மீட்டர்களால் நேரும் எதற்கும் நான் பொறுப்பல்ல.’ அடியில் இரண்டு கோடுகள் வேறு. ஸ்டோர்க்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தாளைத் துளையிட்டுக் கோப்பில் கட்டிவைத்தார். எதையும் எறியும் பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாளிலிருந்து தேநீர் நேரம் தேர்தல் நேரம் ஆயிற்று. விலை குறைந்த மீட்டர் போதுமா, போதாதா? இரண்டு கட்சி. ஜெனரேட்டரின் பேட்டரியை மேசைக்கே தூக்கி வந்து இரண்டையும் வைத்துப் பார்த்தோம். பெரியவர் பன்னிரண்டு புள்ளி ஆறு நான்கு என்றார். குஞ்சு பன்னிரண்டு புள்ளி ஆறு என்றது. சுவர் பிளக்கில் பெரியவர் இருநூற்று முப்பத்தொன்று. குஞ்சு இருநூற்று முப்பத்திரண்டு. மோட்டார் சுருள் கட்டும் வைண்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“ஒரு வோல்ட்டு வித்தியாசத்துக்கா சார் எட்டு மடங்கு விலை? அந்த ஒரு வோல்ட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?”

நீங்கள் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்: “விலை கொடுக்கறது நம்பருக்கு இல்லப்பா. நீ தப்புப் பண்ணினா மன்னிக்கறதுக்கு.”

“நான் ஏன் சார் தப்புப் பண்ணப் போறேன்?”

“அத மட்டும் சொல்லாத. அத சொன்னவங்க பாதிப் பேரு கையில கட்டோட நிக்கறாங்க.”

யாரும் அதை அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. குஞ்சுகள் சக்கைப்போடு போட்டன. அறுந்த ஒயரைக் காட்டின, எரிந்த பல்பைக் காட்டின, செத்த பேட்டரியைக் காட்டின. அரை நாள் வேலை அரை மணியில் முடிந்தது. ஸ்டோர்க்காரம்மாவின் நடையே மாறிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். ஒரே ஒரு நாள், பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது மூன்று குஞ்சுகள் மூன்று எண் சொல்லி மானத்தை வாங்கின. அந்தப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் கரடுமுரடு, அதைச் சரியாக அளக்கப் பெரியவரால்தான் முடியும் என்று அப்போது தெரிந்தது. அன்று நீங்கள் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. மணி பத்தரை. வைண்டர் ஒரு சிறு வால்வு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று குஞ்சை வைத்து அளந்தார். அதற்குச் சிவப்பு ஒயரை ஆம்பியர் ஓட்டையில் செருக வேண்டும், செருகினார். அளந்து முடித்து, அதே கையோடு மூன்றாம் பம்புக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பேனலில் வோல்டேஜ் பார்க்கப் போனார். மீட்டரின் குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினார். ஒயரை மாற்ற மறந்தார். அவ்வளவுதான். அந்த ஓட்டையில் ஒயர் இருக்கும்போது மீட்டர் மீட்டராக இருப்பதில்லை. வெறும் கம்பித்துண்டு போல் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி காட்டும். பெரியவராக இருந்தால் அந்த ஓட்டைக்குப் பின்னால் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு ஃபியூஸ் உண்டு. சத்தமில்லாமல் அது செத்து ஆளைக் காப்பாற்றியிருக்கும். குஞ்சின் ஓட்டைக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘ஃபியூஸ் இல்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்டோர்க்காரம்மா அதைப் படித்ததில்லை. வைண்டரும் படித்ததில்லை.

வெடித்த சத்தம் ஸ்டோர் வரை கேட்டது. கையிலிருந்த பேரேட்டை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடி வந்தபோது, வைண்டர் தரையில் உட்கார்ந்து இரண்டு விரலை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கப் புருவத்தைக் காணவில்லை. கண் பிழைத்தது, நீங்கள் கத்திக் கத்திப் போட வைத்த பாதுகாப்புக் கண்ணாடியால். மூன்று வாரத்தில் விரல் ஆறியது. புருவமும் முளைத்துவிட்டது, ‘புருவம்’ என்ற பெயர்தான் போகவில்லை. இதோ இரண்டு புருவத்தோடும் பின்வரிசையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இன்னும் ஒரு பெருமூச்சு வருகிறது.

ஆனால் விசாரணை என்று ஒன்று உண்டே! ஆளைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வசதியான ஆள் ஸ்டோர்க்காரம்மா. தொழில்நுட்பம் தெரிந்தவர் எழுத்தில் எச்சரித்தும் தரக்குறைவான கருவியை வாங்கிக் கொடுத்து உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி, அவரே துளையிட்டுக் கட்டிவைத்த தாள். உங்கள் வரி. உங்கள் இரண்டு கோடு.

வேலை போய்விடும் என்றே அவர் முடிவு கட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை. கணவர் வெளியூரில் வேலை. மகளுக்கு அது பள்ளி இறுதி வருடம். பதினோரு நாள், ஸ்டோரின் ஒவ்வொரு அடுக்கிலும் பெரிய எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். எது எங்கே இருக்கிறது என்று அடுத்து வருபவர் திண்டாடக் கூடாதாம். எங்களில் ஒருவர் பார்த்துவிட்டு, “என்னம்மா, இப்பவே பொட்டி கட்றீங்களா?” என்று விளையாட்டாகக் கேட்டார். நிமிராமல் அடுத்த சீட்டை எழுதத் தொடங்கினார் அவர்; கேட்டவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நீங்களும் அவரும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உங்களுக்கு உதவிப் பொறியாளர் பதவி உயர்வு அந்த மாதம் வரவேண்டியது. பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. அந்த ஒரு வரியை வைத்து நீங்கள் ஜம்மென்று மேலே போய்விடுவீர்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மன்னியுங்கள், பேசிக்கொண்டோம்.

விசாரணை அறையில் நீள மேசை, மூன்று அதிகாரிகள், கடகடவென்று ஆடும் மின்விசிறி. ஸ்டோர்க்காரம்மா சுவரோரம் ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தாளை உங்கள் முன் தள்ளினார்கள்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“அப்ப நீங்க முன்னாடியே எச்சரிச்சிருக்கீங்க.”

நீங்கள் தாளைத் திருப்பி அவர்கள் பக்கமே தள்ளினீர்கள். அதற்குள் மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று தன்னால் இன்றும் சொல்ல முடியும் என்கிறார் ஸ்டோர்க்காரம்மா.

“எச்சரிக்கல சார். நான் தப்பிச்சுக்கிட்டேன்” என்றீர்கள். “எழுதினப்புறம் நான் என்ன பண்ணேன்னு கேளுங்க. ஒண்ணும் பண்ணல. அந்த ஓட்டையில ஃபியூஸ் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும். பக்கத்துலயே போட்டிருக்கான், நான் படிச்சேன். ஒரு சொட்டுப் பசை விட்டு ஓட்டைய அடைச்சிருந்தா ஒயரே உள்ள போயிருக்காது. அரை நிமிஷ வேலை. செய்யல.”

“ஏன் செய்யல?”

“ஏதாவது ஆனா நான் சொன்னது சரின்னு ஆகுமில்ல சார். அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப யோசிச்சா அப்படித்தான் தெரியுது. சொல்றதுக்கு அசிங்கமா இருக்கு, ஆனா அதான் நெசம்.”

நடுவில் இருந்த அதிகாரி பேனாவை மூடினார். “இது பதிவாகும். உங்க பேரு இந்த மாசம் லிஸ்ட்ல இருக்குன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். பேனாவத் திறங்க, எழுதிக்குங்க. இந்தம்மா வாங்கினது தப்பு இல்ல. பேட்டரி பாக்க, பல்பு பாக்க, ஒயர் அறுந்திருக்கான்னு பாக்க அந்த மீட்டர் தாராளமாப் போதும். பேனலுக்குப் போதாது. எது எங்க போகலாம், எது எங்க போகக் கூடாதுன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியது ஸ்டோர் இல்ல, ஃபோர்மேன். நான் சொல்லல.”

ஐயா, முப்பத்து நான்கு ஆண்டில் நீங்கள் எத்தனையோ பழுது நீக்கினீர்கள். அன்று அந்த அறையில் நீக்கியது எல்லாவற்றிலும் பெரியது!

ஸ்டோர்க்காரம்மாவின் மேல் குற்றமில்லை என்று நான்காம் நாள் தாள் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனவர், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேருந்தை விட்டுவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதார். அப்படி ஒரு நிம்மதி. மறுவாரம் அறிவிப்புப் பலகையில் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். உங்கள் பெயர் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை.

அன்று மதியம் நீங்கள் ஒரு பசைக் குழாயோடு ஸ்டோருக்குப் போனீர்கள். மிச்சமிருந்த ஏழு குஞ்சுகளையும் வாங்கி, ஆம்பியர் ஓட்டையை ஒவ்வொன்றாக அடைத்தீர்கள். வெடித்த எட்டாவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, பேனல் அறைக் கதவுக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தீர்கள். பசை காய வேண்டுமே என்று கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள், அந்தப் பக்கம் அவர் நின்றார்.

“சார், உங்க வீட்டுல நான் வந்து சொல்றேன். எனக்காகத்தான் இப்படி ஆச்சுன்னு.”

“வேண்டாம்மா. உங்களுக்காக ஒண்ணும் இல்ல, இருந்தத சொன்னேன். அவ இப்பதான் உங்களோட காலைல நடக்கப் போறா, ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறீங்க. சொன்னா, உங்க மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அவளுக்கு அந்த உத்தியோகம் ஞாபகம் வரும். அது நடுவுல வேண்டாம். நான் சர்வீஸ்ல இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சு இங்க யாரும் எடுக்கக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

“அக்கா காரணம் கேப்பாங்களே சார்?”

“என் வாய்க்கு ஒரு காரணம் வேணுமா?” என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

அன்றிலிருந்து பதினோரு ஆண்டுகள். அடுத்தடுத்த தெரு, காலை ஆறு மணிக்கு இரண்டு பெண்களும் நடக்கப் போவார்கள். ஸ்டோர்க்காரம்மா மகளின் திருமணத்துக்குப் புடவை எடுத்தது, மூட்டுவலிக்கு மருந்து மாற்றியது, எல்லாம் அந்த நடையில்தான். மாதத்துக்கு ஒரு முறையாவது உங்கள் மனைவி சொல்வார்: “கூடச் சேந்தவங்க எல்லாம் மேல போயிட்டாங்க. இவரு வாயாலயே கெட்டாரு. யாரையாவது எடுத்தெறிஞ்சு பேசியிருப்பாரு.” ஸ்டோர்க்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு இரண்டடி பின்னால் நடப்பார். வீட்டுக்கு வந்து காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பழைய வாக்குவாதத்துக்கு நீங்கள் சொன்ன தீர்ப்பைத்தான் இந்தப் பிரிவு இன்றும் நடத்துகிறது. ஏழு குஞ்சுகளில் ஐந்து இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை பணிமேசையைவிட்டு நகராது. பேனல் அறை அலமாரியில் பெரியவர் ஜாதியில் மூன்று இருக்கின்றன. எதை எடுத்தாலும் முதலில் உயிருள்ள, அதாவது மின்சாரம் இருப்பது தெரிந்த, ஓர் இடத்தில் மீட்டரால் தொட்டுப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் தொடு, மறுபடி உயிருள்ள இடத்தில் தொடு. மீட்டர் பொய் சொல்கிறதா என்று மீட்டரையே விசாரி என்பது நீங்கள் பழக்கிய மூன்று தொடல். குஞ்சாயினும் பெரியவராயினும் அதற்கு விலக்கில்லை. பதினோரு ஆண்டுகளில் இந்தப் பிரிவில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. இன்று மாலை நீங்களும் முழுதாக, நலமாக, இரண்டு காலில் வீட்டுக்கு நடந்து போகிறீர்கள். இந்தத் தொழிலில் இதைவிட என்ன விருது வேண்டும்!

இனி, முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களுக்கு.

அம்மா, உங்கள் கணவர் வாயால் கெட்டார் என்பது உண்மைதான். அந்த வாய் யாரையும் எடுத்தெறிந்து பேசவில்லை. தன் தவற்றைத் தானே சொன்னது. சொல்லியிராவிட்டால் இன்றைய அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே வேறு பதவி இருந்திருக்கும்; இந்தத் தாளை வாசிக்க ஸ்டோர்க்காரம்மா இங்கே இருந்திருக்க மாட்டார். அவர் மகள் படித்தது, வேலைக்குப் போனது, எல்லாம் அந்த வாயால் வந்தவை. பதினோரு ஆண்டுகள் உங்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இதை மறைத்ததற்கு அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலுக்கு வருவார். கதவு திறக்காவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஐயா! அளந்தே பேசாத அன்பரே! இனி அலாரம் அலறாத அதிகாலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும். உறக்கம் உடையாத இரவுகளும், உப்பு குறையாத உணவும், ஊசி தேடாத உடலும் நூறாண்டு நிலைக்கட்டும். வீட்டில் ஃபேன் நின்றால் நீங்கள் பார்க்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். திட்டு வாங்குவதற்கென்றே நான்கு பேராவது வருவோம்.

உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய,
வைண்டர் புருவம், இரண்டு பேனல்காரர்கள், கேபிள் அண்ணன், கிரேன் ஓட்டுபவர், பேட்டரி அறைக்காரர், ஜெனரேட்டர்காரர், ஸ்டோர்க்காரம்மா

மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் அடியில் சேர்த்தது:

ஐயா, விழா முடிந்து நீங்கள் இருவரும் உடனே கிளம்பிவிட்டீர்கள். உங்கள் மனைவி அழுதிருந்ததை எல்லோரும் பார்த்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டோர்க்காரம்மா உங்கள் வீட்டுக்குப் போனார். உங்கள் மனைவி ஏற்கெனவே வாசலில் காலணியோடு நின்றிருந்தார். இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள்.

“அக்கா, என்மேல கோவமா?”

“கோவமா? ராத்திரி எப்படித் தூங்கினேன் தெரியுமா? பதினோரு வருஷத்துல அப்படித் தூங்கினதில்ல” என்றார் அவர். “வாயால கெட்டாருன்னு நான் சொன்னது வெளிய சொன்னது. உள்ளுக்குள்ள வேற பயம். யாருகிட்டயோ கை நீட்டிக் காசு வாங்கி மாட்டிக்கிட்டாரோ, அதான் காரணமே சொல்ல மாட்டேங்கறாரோன்னு. கேட்டா ‘ஆமா’ன்னு சொல்லிடுவாரோன்னு ஒரு தடவகூடக் கேக்கல. அந்தப் பயத்தோடவே சோறு போட்டேன். நேத்து நீ படிக்கப் படிக்க, அப்பாடான்னு அழுதேன்டி.”

பிறகு ஸ்டோர்க்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதையும் அந்த மடலின் அடியில் எழுதிவிடச் சொன்னார்.

“இவர்மேல அப்படிச் சந்தேகப்பட்டேன்னு நேர்ல சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. கண்ணாடிக்குள்ள இருந்தா தினமும் படிப்பாரு. படிச்சு மன்னிச்சுக்கட்டும்.”

எழுதியாகிவிட்டது, ஐயா.